லங்காட் ஆற்றில் இரண்டு ராகு

கூடத்தில் உஷாராணி சிரித்தாள்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற அய்யாவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் ஆணியாக இறங்கியது. இருபத்தாறு வருட இல்லறத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அவர் இரண்டே முறைதான் கேட்டிருக்கிறார். முதல் முறை, மணவறையைச் சுற்றி வரும்போது அவர் வேட்டி தடுக்கி ஐயர் மடியில் விழுந்தபோது. அடுத்தது, ஆசை ஆசையாக வாங்கிய படகு, அடிப்பக்கத்துத் தக்கையை மூட அவர் மறந்ததால், ஜெட்டி என்னும் படகுத்துறையில் கட்டிய இடத்திலேயே மெல்ல மூழ்கியபோது. இது மூன்றாவது. மூன்றிலும் கதாநாயகன் தான்தான் என்பதில் அவருக்கு ஒரு கசப்பான பெருமைகூட இருந்தது.

“அப்புறம் என்ன ஆச்சு தம்பி?” என்று அவள் கேட்டாள்.

“அப்புறம் என்ன ஆன்டி, இன்னும் ஒரு மணி நேரத்துல தண்ணி வந்துரும்னு அங்கிள் சொன்னாரு. அஞ்சு மணி நேரம் சேத்துல கெடந்தோம்லா. உங்களுக்குப் போன் போடுற வரைக்கும் அதையேதான் சொன்னாரு.”

மறுபடியும் சிரிப்பு. அய்யாவு கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் இமை எரிந்தது. முகம் முழுக்க வெயில் சுட்டுச் சிவந்திருந்தது. அதன்மேல் அகாஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சதுப்புநிலப் பூச்சி கடித்த தடிப்புகள். அவற்றின்மேல் காலையில் உஷாராணி பூசிவிட்ட இளஞ்சிவப்புக் களிம்பு. வலது கை ஆள்காட்டி விரல் கெளுத்தி முள் குத்திக் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. இந்தக் கோலத்தில் விருந்தாளி முன்னால் போய் நிற்பதைவிடக் கதவுக்குப் பின்னால் பல்லியாக இருப்பதே கௌரவம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கூடத்தில் இருந்த விருந்தாளியின் பெயர் முகுந்தன். முப்பத்தைந்து வயதிருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வேலை. வசதியான மலேசியர்களை வெளிநாட்டு ஆறுகளுக்கு மீன்பிடிக்க அழைத்துப்போவதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். குளிர் தேசத்தில் பனி உருகும் வசந்தகாலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வரும் சால்மன் மீனைப் பிடிக்க இங்கிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு விமானம் ஏறுவான் முகுந்தன். இப்போது அதே கம்பெனி, அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கு நம்மூர் ஆற்றையும் காட்டலாமே என்று யோசித்து, கேரி தீவுப் பக்கம் லங்காட் ஆற்றுக்கு ஒரு வழிகாட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. நேற்று, சனிக்கிழமை, அய்யாவுக்குப் பரீட்சை. இன்று ஞாயிற்றுக்கிழமை, முடிவு சொல்ல நேரில் வருவதாகச் சொல்லியிருந்தான். சொன்னபடி வந்தும் விட்டான். பரீட்சை எழுதியவர்தான் ஒளிந்திருந்தார்.

ஒளிந்திருந்த இடத்திலும் நிம்மதி இல்லை. எதிரே அலமாரிக் கைப்பிடியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது. ஷா ஆலமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் காவலுக்கு உஷாராணி தன் சித்தப்பா மகன் மூலம் பேசி வைத்திருந்த ‘ஜாகா’ வேலையின் சீருடை அது. முகுந்தன் சரி என்றால் ஆறு. இல்லை என்றால் நாளை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் சட்டை. இதுதான் கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்த உடன்பாடு. பேசியது மனைவி. கணவன் தலையை மட்டும் ஆட்டியிருந்தார்.

அய்யாவு ஆற்றுக்காரர் அல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் அவர் பார்த்த பெரிய நீர்நிலை வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடை. நீச்சல் தெரியாது. பள்ளி முடித்து, ஷா ஆலமில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஜன்னல் இல்லாத கூடத்தில், ஒரே இடத்தில் நின்று, தன் முன்னால் வந்து நிற்கும் பெட்டிக்கு நான்கு திருகாணி முடுக்குவார். அது நகரும், அடுத்தது வரும். முப்பத்திரண்டு வருடம். தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது மேலாளர் கைகொடுத்து விடை சொன்னார். அப்போது அவர் அய்யாவுவை வேறு ஏதோ பெயர் சொல்லி அழைத்தார். அய்யாவு அதைத் திருத்தவில்லை. கடைசி நாளில் திருத்தி என்ன ஆகப்போகிறது?

அதன் பிறகுதான் படகு வாங்கினார். ஊரார் எல்லாம் காரணம் கேட்டார்கள். கடல் என்னைக் கூப்பிட்டது, ரத்தத்தில் ஊறியது என்றெல்லாம் அவர் ஆளுக்கொரு கதை விட்டார். நிஜம் சின்னது. நண்பர் ஒருவரோடு ஒருநாள் லங்காட் ஆற்றுக்குப் போனபோது, படகில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் இவர் பக்கம் திரும்பி, “அங்கிள், இப்ப எந்தப் பக்கம் போட்டா மீன் கெடைக்கும்?” என்று கேட்டுவிட்டார். இவர் சும்மா இடது பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு செனாங்கின் மீன் மாட்டியது. அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியை ஒருவர் கேட்டு, அதற்குத் தான் சொன்ன பதிலும் சரியாகிவிட்டால் மனிதன் என்ன ஆவான்? படகு வாங்குவான்.

படகுக்கு உஷாராணி என்று பெயர் வைத்தார். ஒழுகுற சாமானுக்கெல்லாம் என் பேரா என்று அவள் ஒரு வாரம் பேசவில்லை. விசிட்டிங் கார்டில் ‘கிள்ளான் சால்மன் வழிகாட்டி’ என்று அச்சடித்தார். செனாங்கினை வெள்ளைக்காரன் இந்தியச் சால்மன் என்பான் என்று யாரோ சொன்னதை நம்பி அடித்தது. பார்த்தவர்களெல்லாம் பனிக்கட்டி எங்கே என்று கேட்டார்கள்.

உஷாராணிதான் ஆற்றுக்காரி. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தீவு கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த பூமி. சுற்றிலும் கரை கட்டி, மதகு வைத்துத்தான் உப்புத் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அவளுடைய அப்பா கன்னையா ஒரு மதகுக்குக் காவலாளி. ஆற்றில் தண்ணீர் வடியும்போது மதகைத் திறந்து தோட்டத்து நீரை வெளியே விட வேண்டும். ஏறும்போது அடைக்க வேண்டும். கொஞ்சம் தவறினால் உப்பு உள்ளே புகுந்து மரம் பட்டுப்போகும். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவது உஷாராணியின் வேலை. ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளிப் போவதால் அந்த வீட்டில் சோற்று நேரமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போனது. மற்ற பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துப் பசித்தார்கள். அவளுக்கு ஆற்றைப் பார்த்துப் பசித்தது.

இந்த அறிவைத்தான் அய்யாவு மூன்று வருடமாகத் திருடிக்கொண்டிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, ரசத்துக்கு உப்புப் போதுமா என்கிற தொனியில், “நாளைக்குத் தண்ணி எப்படி உஷா?” என்பார். அவளும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவாள். மறுநாள் ஜெட்டியில் அய்யாவு ஒற்றை விரலை எச்சிலில் நனைத்து வானத்துக்கு நீட்டி, கண்ணைச் சுருக்கி, ஆறரைக்கு ஏறும் என்று அறிவிப்பார். வாடிக்கையாளர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாளும் அவள் சொன்னாள். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், எட்டரைக்குத் தண்ணீர் நிறையும், எட்டுக்குள் கிளம்பிவிடுங்கள், பன்னிரண்டுக்கு மேல் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் அடர்ந்த அந்த வாய்க்கால் பக்கமே போகாதீர்கள் என்று சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. அது அய்யாவு வீட்டுச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்று, மச்சான் தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது கொண்டுவந்த நாள்காட்டி. அதில் சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. இன்னொன்று, கிள்ளான் ஜவுளிக்கடையில் கொடுத்தது. இங்கே சூரியன் ஏழுக்கு மேல்தான் உதிக்கிறது என்பதால் அதில் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குப் பத்தே காலிலிருந்து பதினொன்றே முக்கால். எது சரி என்று அய்யாவு யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாதாரண நாளில் அவர் தனக்கு எது தோதோ அந்த ராகுவுக்கு மரியாதை செய்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவார். ஆனால் இது பரீட்சை. போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் தூண்டில் தண்ணீரோடு போனது. அதற்கு முந்தின பயணத்தில் இன்ஜின் நின்றது. இந்த முறை எந்த ராகுவையும் பகைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானித்தார்.

முகுந்தன் ஏழே முக்காலுக்கே ஜெட்டிக்கு வந்துவிட்டான். அப்போதே ஏறி உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அய்யாவு படகுக்குக் கற்பூரம் காட்ட ஆசைப்பட்டார். லைட்டர் நனைந்திருந்தது. பக்கத்துப் படகுக்காரரிடம் தீப்பெட்டி வாங்கி, காற்றில் ஏழெட்டுக் குச்சி அணைந்து, ஒருவழியாகச் சூடம் காட்டி, இன்ஜினுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை நசுக்கி நிமிர்ந்தால் மணி எட்டு ஐம்பத்தேழு. மூன்று நிமிடத்தில் ஒரு மனிதன் எங்கே போய்விட முடியும்? நல்ல நேரத்தில் கிளம்பி ராகுவில் நுழைவதைவிட, நிற்பது மேல்.

பெட்டாலிங் ஜெயாக்காரனிடம் ராகு காலம் என்று சொல்ல நாக்கு கூசியது. எனவே ஆற்றைக் கூர்ந்து பார்த்து, “தண்ணி இன்னும் செட் ஆகல பாஸ்” என்றார். முகுந்தன் மரியாதையோடு அதைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டான். பத்தேகாலுக்கு மறுபடி கேட்டான். அடியில் சூடு ஏறணும் என்றார். அதையும் குறித்துக்கொண்டான். பதினொன்றுக்குக் கேட்டபோது, இப்போதுதான் மீன் கண் விழிக்கிறது என்றார். அவன் குறித்துக்கொள்வதை அப்போதுதான் நிறுத்தினான்.

சரியாகப் பதினொன்று நாற்பத்தாறுக்கு இரண்டு ராகுவையும் வென்ற வீரனாக அய்யாவு படகைக் கிளப்பினார். பன்னிரண்டு ஐந்துக்கு, உஷாராணி போகாதே என்ற அதே வாய்க்காலில், சேற்றில் ஏற்றினார்.

சத்தம்கூட இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. சுற்றிலும் தண்ணீர் கண்ணெதிரே வற்றி, பாக்காவ் மரங்கள் வேரை எல்லாம் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் சாம்பல் நிறச் சேற்றுத் திடலில் ஒரு படகு, இரண்டு மனிதர்கள். உச்சி வெயில். சேற்றில் துள்ளும் குட்டி மீன்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. அன்றைக்கு அய்யாவு வாடிக்கையாளருக்குக் காட்டிய மீன்கள் அவைதான்.

ஒன்றரை மணி வரை அவர் சமாளித்தார். பிறகு முகுந்தன் தொப்பியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டான்.

“அங்கிள், தண்ணி எப்ப வரும்னு உண்மையிலேயே தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? போன் போட்டுக் கேக்கலாம்.”

அய்யாவுவின் வாழ்க்கையில் கஷ்டமான போன் அதுதான். காதோடு வைத்துப் பேசலாம் என்றால் விரல் களிம்பு பட்டதுபோல் வழுக்கி, ஸ்பீக்கர் பொத்தானில் பட்டுத் தொலைத்தது. மறுமுனையில் உஷாராணி திட்டவில்லை. அதுதான் அவரைக் கலங்கடித்தது. சேறு மினுமினுப்பாக இருக்கிறதா, மேலே காய்ந்து வெடித்திருக்கிறதா என்று கேட்டாள். நண்டு வளையை விட்டு வெளியே வந்துவிட்டதா என்று கேட்டாள். கடைசியாகத் தண்ணீர் எந்த வேரைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று கேட்டாள்.

“அஞ்சு இருபதுக்கு மிதக்கும்,” என்றாள். “அதுக்கு முந்தி யாரும் எறங்கக் கூடாது. இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துரும். தம்பிக்குப் பசிக்கும். நீலப் பைக்கு அடியில இன்னும் ரெண்டு பொட்டலம் புளிச்சோறு இருக்கு. எட்டு மணிக்குக் கெளம்பச் சொன்னேனே, எத்தனைக்குக் கெளம்புனீங்க?”

அய்யாவு தொடர்பைத் துண்டித்தார். துண்டித்த பிறகு, இரண்டு நாள்காட்டியின் ராகு காலமும் கழியட்டும் என்றுதான் காத்திருந்ததை முகுந்தனிடம் ஒப்புக்கொண்டார். அவன் புளிச்சோற்றைப் பிரித்து இரண்டு வாய் தின்ற பிறகு, “ரெண்டு ராகுவுமா அங்கிள்?” என்று மட்டும் கேட்டான்.

பிறகு அவன் குளிர் தேசத்து வழிகாட்டிகளைப் பற்றிச் சொன்னான். விடியல் ஐந்து மணி என்றால் ஐந்து. வாடிக்கையாளர் மந்திரியாக இருந்தாலும் ஐந்து நிமிடம் தாமதித்தால் படகு போய்விடும். சால்மன் யாருக்கும் காத்திருக்காது என்பார்களாம். அய்யாவு தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். சும்மா இருக்க வேண்டாமே என்று பின்பக்கம் குட்டைபோல் தேங்கியிருந்த நீரில் தூண்டிலைப் போட்டார். உள்ளங்கை நீளக் கெளுத்தி ஒன்று மாட்டியது. கொக்கியிலிருந்து எடுக்கும்போது அது அவரைக் குத்தியது.

ஐந்து இருபதுக்குப் படகு அடியில் யாரோ முதுகைக் கொடுத்து நிமிர்த்தியதுபோல் அசைந்தது. முகுந்தன் கடிகாரத்தைப் பார்த்தான். அய்யாவு வேறு பக்கம் பார்த்தார்.

இதெல்லாம் நேற்று. இப்போது கூடத்தில் சிரிப்பு அடங்கி, முகுந்தன் குரலைத் தாழ்த்திப் பேசுவது கேட்டது. அய்யாவு கதவிடுக்கில் காதை வைத்தார். களிம்பு கதவில் ஒட்டியது.

கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்றான் முகுந்தன். இந்த ஊர் ஆற்றை வாய் வலிக்காமல் கதையாகச் சொல்ல அங்கிளைவிட வேறு ஆள் தனக்குக் கிடைக்கவில்லை, சேற்றில் கிடந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடச் சலிப்புத் தட்டவில்லை, ஆனால் அறிக்கையில் ஒரு கேள்வி இருக்கிறது, படகு கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறவர் யார் என்று, அதில் அங்கிள் பெயரை எழுதத் தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றான்.

“உங்க பேரை எழுதட்டுமா ஆன்டி? நீங்க போட்ல வரவேணாம். மொத நாளே நேரம் சொன்னாப் போதும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் முன்னப் பின்ன போகாதுன்னு நீங்க உறுதி தந்தா, சனி ஞாயிறு எங்க ஆளுங்கள அங்கிள்கிட்ட அனுப்புறேன்.”

அய்யாவுவின் இதயம் எகிறிக் குதித்தது. ஆறு கிடைத்துவிட்டது. அவர் அவமானப்பட்டது வீண் போகவில்லை.

“வேணாம் தம்பி,” என்றாள் உஷாராணி.

குதித்த இதயம் அந்தரத்தில் நின்றது.

“திங்கக்கெழமை அவருக்கு வேற வேல இருக்கு. ஷா ஆலம்ல.”

அவளே தொடர்ந்து பேசினாள். இப்போது அவள் குரலில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

“அவருக்கு நீச்சல் தெரியாது தம்பி. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாரு. லைஃப் ஜாக்கெட்ட மடிச்சுப் போட்டு அது மேல உக்காந்துட்டுப் போவாரு. போன மாசம் ஒரு நாள் நடு ஆத்துல இன்ஜின் நின்னுருச்சு, அன்னிக்கு இருட்டுற வரைக்கும் நான் இந்த வாசல்லதான் நின்னேன். எனக்கு ஆறு தெரியும், அதனால பயம். அவருக்குத் தெரியாது, அதனால பயம் இல்ல. நான் நேரம் சொல்லி, அவரு அதைக் கேக்காம, ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிருச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கறது?”

மூன்று வருடமாக அவள் சொன்ன நேரங்கள் எல்லாம் அய்யாவுவின் காதில் வரிசையாக வந்து நின்றன. அவற்றை அவர் எண்ணாகத்தான் கேட்டிருந்தார். அந்த எண்ணுக்குப் பின்னால் வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அவருக்கு எதுதான் தெரியும்?

முகுந்தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் ஓசை கேட்டது. சரி ஆன்டி, நான் வற்புறுத்தல என்று அவன் எழுந்துகொண்டான். இன்னும் அரை நிமிடத்தில் அவன் போய்விடுவான். அவனோடு ஆறும் போய்விடும். நாளை முதல் அய்யாவு மறுபடியும் ஒரே இடத்தில் நிற்க, கார்கள் அவர் முன்னால் வந்து நின்று நின்று போகும்.

அய்யாவு கதவைத் திறந்தார்.

கைலி, கிழிந்த பனியன், பொம்மலாட்டப் பொம்மை மாதிரி இளஞ்சிவப்பு முகம், கட்டுப்போட்ட விரல். உணர்ச்சிகரமான கட்டத்துக்கு இதைவிட மோசமான ஒப்பனை கிடையாது. முகுந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு சாமி படத்தைப் பார்த்தான். உஷாராணி மட்டும் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

இப்போது ஒரு நீண்ட வசனம் பேச வேண்டும் என்று அய்யாவு அறிந்திருந்தார். மூன்று வருடமாக ஆற்றின் நடுவே முன்பின் தெரியாதவர்களிடம் மணிக்கணக்கில் பேசிய வாய்தான் அது. ஆனால் வந்தது கொஞ்சம்தான்.

“தம்பி, எனக்கு ஆறு தெரியாது,” என்றார். “இவ சொன்னதத்தான் எல்லார்கிட்டயும் நான் சொன்னதா சொல்லிட்டு இருந்தேன். விரலை எச்சி பண்ணித் தூக்குறது எல்லாம் சும்மா. உங்க அறிக்கைல இவ பேரை எழுதுங்க. இவ வேணாம்னா என் பேரையும் எழுதாதீங்க.”

அவர் உஷாராணி பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் குரல் உடைந்துவிடும் என்று பயந்தார். பயந்தபடியே உடைந்தது. அதை மறைக்க இருமினார். இருமலில் விரல் கதவில் இடித்து நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் அதை எந்தக் கண்ணீர் என்று வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

உஷாராணி எழுந்தாள். அவர் அருகே வந்து, கதவில் ஒட்டியதுபோகக் கன்னத்தில் திட்டாய் நின்ற களிம்பை முந்தானையால் சரிசெய்தாள். வெளியாள் முன்னால் அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் முறை.

“ஜாக்கெட்டப் போட்டுக்குவீங்களா?” என்றாள்.

“போட்டுக்கறேன்.”

“மடிச்சு இல்ல. ஒடம்புல.”

“ஒடம்புலதான்.”

“நான் சொன்ன நேரத்துக்குக் கெளம்பணும். எந்தக் கெரகம் குறுக்க வந்தாலும்.”

அய்யாவு தலையை ஆட்டினார். இந்த முறை அது வழக்கமாக ஆட்டுகிற ஆட்டு இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

முகுந்தன் மெல்ல மறுபடி உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்தான். வருகிற சனிக்கிழமை நான்கு பேர் வருகிறார்கள், ஜெட்டியில் எத்தனை மணிக்கு நிற்கச் சொல்லட்டும் என்று கேட்டான். உஷாராணி ஜன்னலுக்கு வெளியே, கார்களும் குப்பைத் தொட்டிகளும் நின்ற தெருவைப் பார்த்தாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போய்த் திரும்பியது.

“எட்டு மணிக்கு அடித் தண்ணி. அப்புறம் ஏறும். பத்தேகாலுக்குப் போட்டை எடுக்கணும்,” என்றாள்.

சனிக்கிழமை பத்தேகால். தமிழ்நாட்டு ராகு முடியாத நேரம், மலேசிய ராகு தொடங்கும் நேரம். வாரத்தின் நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தில் இரண்டு ராகுவும் தோளில் கைபோட்டு நிற்கிற அந்தக் கால்மணி நேரத்தைத் தேடி எடுத்தது போலச் சொல்லிவிட்டாள். அய்யாவுவின் வாய் தானாகத் திறந்தது.

“என்ன?” என்றாள்.

“ஒன்னுமில்ல. நல்ல நேரம்தான்.”

முகுந்தனுக்கு இப்போது அடக்க முடியவில்லை. அவன் சிரிக்க, உஷாராணியும் சிரிக்க, கொஞ்ச நேரம் பொறுத்து அய்யாவுவும் சிரித்தார். சிரித்தபோது முகம் முழுக்க எரிந்தது.

அதன் பிறகு முகுந்தன் மளமளவென்று எழுதினான். நேரம் கணிப்பவர் என்ற இடத்தில் உஷாராணி த/பெ கன்னையா என்று அவள் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லப் பதிந்தான். அப்பா பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னாள். அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு அவள் விழித்தாள். முதல் தடவை மதகுக்குச் சோறு எடுத்துப்போனபோது எத்தனை வயது என்று மாற்றிக் கேட்டான். ஏழு, இப்ப அம்பத்திரண்டு என்றாள். அப்ப நாப்பத்தஞ்சு வருஷம் என்று அவனே கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டான். வழிகாட்டியின் அனுபவம் என்ற இடத்தில் அய்யாவு, மூன்று வருடம், அதில் ஒரு நாள் சேற்றில் என்று எழுதச் சொன்னார். அவன் மூன்று வருடம் என்று மட்டும் எழுதினான்.

ஷா ஆலம் வேலைக்கு என்ன சொல்வது என்று அய்யாவு தயங்கித் தயங்கிக் கேட்டார். சித்தப்பா மகனிடம் தான் பேசிக்கொள்வதாகவும், அந்தச் சட்டை அவனுக்கே பொருந்தும், வேலை இல்லாமல்தான் சுற்றுகிறான் என்றும் உஷாராணி சொன்னாள்.

முகுந்தன் எழுந்து வாசலில் காலணியை மாட்டினான். அய்யாவு கைகொடுக்க நீட்டி, வீங்கிய விரல் நினைவுக்கு வந்து இடது கையை நீட்டி, அது மரியாதை இல்லை என்று அதையும் இழுத்துக்கொண்டு, கடைசியில் கும்பிட்டார்.

“சனிக்கெழம பாப்போம் அங்கிள்,” என்றவன், கேட்டைத் திறந்துகொண்டே திரும்பிப் பார்த்தான். “ஆன்டி, நீங்க ஒரு தடவையாச்சும் அந்தப் போட்ல ஏறியிருக்கீங்களா?”

“அதுல தக்கை போடுறாரான்னு இன்னும் ஒரு வருஷம் பாக்கறேன். அப்புறம் ஏறுறேன்,” என்றாள்.

கார் பின்னோக்கி நகர்ந்து, தெருவில் திரும்பி, முனையில் மறைந்தது. உஷாராணி அதுவரை நின்று பார்த்துவிட்டு, வாசலில் இன்னும் கும்பிட்ட கையோடு நின்ற புருஷனை முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினாள்.